மருத்துவச்சியும் இயற்கைப் பிரசவமும்

சங்கப் பத்திரிகையில் நூல் விலையைப் பற்றி எழுதலாம், வாழைக்கு வரும் நோயைப் பற்றி எழுதலாம். பிரசவத்தைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்களுள் சிலர் கருதக்கூடும். நகைக் கடன் பதிவேடுகளைத் தணிக்கை செய்யும் என் போன்றோருக்கு இந்த ஐயம் எழுவதில்லை. கடனின் நோக்கம் என்ற கட்டத்தில் 'குடும்பச் செலவு' என்று மட்டும் எழுதியிருக்கும். சற்றே விசாரித்தால், மகளின் தலைப்பிரசவம், அதுவும் ஆபரேஷன் செய்து எடுத்த பிரசவம் என்று தெரியவரும். நகை மீள்வதற்குள் இரண்டாவது பிரசவம் வந்துவிடுகிறது. முதற் பிள்ளையைக் கத்தியால் எடுத்தவளுக்கு இரண்டாவதையும் அவ்வாறே எடுப்பது இன்று ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது. ஆகவே அந்த நகை இன்னொரு முறை சங்கத்துப் பெட்டகத்துக்குள் போகிறது. குழித்தறியில் உட்கார்ந்து மிதி மிதிக்கும் பெண்ணோ, வாழைத்தோட்டத்தில் குனிந்து நிமிரும் பெண்ணோ, வயிற்றில் தையலோடு எத்தனை வாரம் கூலி இழக்கிறாள் என்பது எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை.

இன்று நம் ஊர்களில் இவ்விஷயத்தில் இரண்டு கட்சிகள் இருக்கின்றன. கத்தி வைத்து எடுப்பதே பத்திரம், நோவும் இல்லை, நாளும் நேரமும் பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒரு கட்சி. எங்கள் பாட்டி பத்துப் பிள்ளைகளை வீட்டிலேயே பெற்றாள், இயற்கைக்கு வைத்தியன் எதற்கு என்பது மற்றொரு கட்சி. இரு சாராரும் ஒருத்தியை மறந்துவிட்டார்கள். பத்துப் பிள்ளை பெற்ற அந்தப் பாட்டியும் தனியாகப் பெறவில்லை. அவள் பக்கத்தில் மருத்துவச்சி இருந்தாள்.

தாமிரபரணிப் பாசனத்து ஊர்களாயினும், விளாத்திகுளம் பக்கத்துக் கரிசல் காடாயினும், வேம்பார் முதல் மணப்பாடு வரையிலான முத்துக்குளித்துறையாயினும், நோவு கண்டதும் ஆள் ஓடியது மருத்துவச்சி வீட்டுக்குத்தான். பெரும்பாலும் நாவிதர் குலத்துப் பெண்டிரே இத்தொழிலைச் செய்து வந்தனர். கணவன் சவரம் செய்வான், கட்டிக்கும் புண்ணுக்கும் மருந்திடுவான். மனைவி பிள்ளைப்பேறு பார்ப்பாள். விவசாய ஊர்களில் கூலி களத்துமேட்டில் தானியமாக அளக்கப்பட்டது. அதோடு ஒரு புடவை, கொஞ்சம் அரிசி, வெற்றிலை பாக்கு. பிள்ளையை முதன்முதலில் கையில் ஏந்தியவள் அவள். தீட்டு என்றும் சாதி என்றும் சொல்லி மறுநாளே அவளை வாசலோடு நிறுத்தியவர்கள் நாம். இந்த நன்றிகேட்டைக் குறிப்பிடாமல் அவள் பெருமையைப் பேசுவது முறையன்று.

அவளுக்குத் தெரிந்த முதற் பாடம் பொறுமை. பொய் நோவு எது, மெய் நோவு எது என்று வயிற்றில் கை வைத்துப் பார்த்துச் சொல்வாள். மெய் நோவு தொடங்கியபின்னும் அவசரப்பட மாட்டாள். கர்ப்பிணியை நடக்கச் சொல்வாள்; குந்தவைப்பாள்; பின்னாலிருந்து ஒரு பெண் தாங்கிக்கொள்ள, முன்னால் மருத்துவச்சி உட்கார்ந்திருப்பாள். இடுப்பில் எண்ணெய் தடவுவாள், வெந்நீர் வார்ப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாகப் பேசிக்கொண்டே இருப்பாள். பிள்ளை பிறந்தபின் பச்சை உடம்புக்காரிக்குச் சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் இடித்துக் கொடுப்பதும், கடற்கரையிலே பால் ஊறுவதற்குப் பால்சுறாப் புட்டு அவித்துப் போடுவதும் இன்னும் நம் வீடுகளில் மறையவில்லை.

இவற்றையெல்லாம் பத்தாம்பசலி என்று தள்ளிய காலம் ஒன்று இருந்தது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2018-ம் ஆண்டில் வெளியிட்ட பிரசவகாலப் பராமரிப்பு நெறிகளைப் படிப்பவர்கள் வியப்படைவார்கள். பிரசவிக்கும் பெண் நடமாட வேண்டும். அவள் தனக்கு இசைந்த நிலையில் அமர்ந்தோ குந்தியோ பெறலாம். அவள் விரும்பும் துணை ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறக்கவில்லை என்பதொன்றையே காரணமாக்கி அவசரப்படுத்தலாகாது என்று அந்நெறிகள் கூறுகின்றன. இதற்குக் காரணமும் உண்டு. குந்தும்போது இடுப்பெலும்பின் கீழ்வாய் சற்றே விரிகிறது. பிள்ளையின் பாரமே பிள்ளையைக் கீழே இறக்குகிறது. பயம் மிகுந்தால் உடலில் ஊறும் சுரப்பு, கருப்பையைச் சுருங்கச் செய்யும் சுரப்பைத் தடுக்கிறது, நோவு தளர்ந்துவிடுகிறது. பேசிக்கொண்டே இருந்த கிழவி வீண்பேச்சுப் பேசவில்லை என்க.

அதே நெறிகளைக் கொண்டு அவள் செய்த பிழைகளையும் அளக்க வேண்டும். கையைச் சோப்பிட்டுக் கழுவும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அகப்பட்ட கத்தியால், அல்லது அரிவாளால், தொப்புள்கொடியை அறுத்து, அறுத்த இடத்தில் சாம்பலையோ சாணத்தையோ வைத்தவர்கள் உண்டு. அதன் வழியே புகுந்த நஞ்சினால் ஒரு வாரத்துக்குள் தாடை இறுகி, பால் குடிக்க மாட்டாமல், உடல் வில்லாக வளைந்து இறந்த சிசுக்களுக்குக் கணக்கில்லை. அதைத் தோஷம் என்றார்கள், காற்றுச் சேட்டை என்றார்கள். அது டெட்டனஸ் என்னும் இசிவு நோய். முதல் மூன்று நாள் சுரக்கும் சீம்பாலைக் கெட்ட பால் என்று பீச்சிக் கொட்டச் சொன்னதும் பிழை. பிள்ளை குறுக்கே கிடந்தாலும், தாய்க்கு வலிப்புக் கண்டாலும், உதிரம் நிற்காமல் போனாலும் அவளிடம் வழி ஏதும் இல்லை. கத்தோலிக்க ஊர்களிலே, பிழைக்காது என்று தோன்றும் சிசுவுக்குக் குருவானவர் வரும்வரை காத்திராமல் ஆபத்து ஞானஸ்நானம் கொடுக்க மருத்துவச்சிக்குக் கற்றுக்கொடுப்பது பழைய திருச்சபை வழக்கம். அப்படி ஒரு பயிற்சி அவசியமாக இருந்தது என்பதே அக்காலத்தின் நிலையைக் கூறும்.

சுத்தமான கையின் அருமையை வைத்தியர்களே தாமதமாகத்தான் உணர்ந்தார்கள். வியன்னா நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு பிரசவப் பகுதிகள் இருந்தன. ஒன்றில் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும், மற்றொன்றில் மருத்துவச்சிகளும் பிரசவம் பார்த்தனர். 1846-ம் ஆண்டில் டாக்டர்களின் பகுதியில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் பிரசவ ஜன்னியால் இறந்தனர். மருத்துவச்சிகளின் பகுதியில் நூற்றுக்கு மூவரைக்கூட எட்டவில்லை. செம்மல்வைஸ் என்ற இளம் டாக்டர் இதன் காரணத்தைத் தேடினார். பிணத்தை அறுத்துப் பாடம் படித்த கையோடு மாணவர்கள் பிரசவ அறைக்கு வந்தார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலை இல்லை. 1847-ம் ஆண்டில் எல்லோரும் குளோரின் சுண்ணாம்பு கரைத்த நீரில் கை கழுவியே ஆகவேண்டும் என்று அவர் கட்டளையிட்டதும் சாவு சட்டென்று குறைந்தது. பெரிய டாக்டர்கள் அவரை ஏற்கவில்லை என்பது தனிக் கதை.

நம் மாகாணத்தில் சென்னை எழும்பூரிலுள்ள பிரசவ ஆஸ்பத்திரி 1844-ம் ஆண்டில் தொடங்கியது. பத்தாண்டு கழித்து அங்கே மருத்துவச்சிகளுக்குப் பயிற்சிப் பள்ளி ஏற்பட்டது. ஆனால் எழும்பூர் எங்கே, நம் தேரிக்காடு எங்கே? தென் ஆற்காட்டில் ஒரே இரவில் மூன்று கணவன்மார், ஆண் டாக்டரை அனுமதிக்க மாட்டோம் என்று மறுத்ததால் மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்டுதான், ஐடா ஸ்கடர் அம்மையார் வைத்தியம் படித்து வந்து வேலூரில் 1900-ம் ஆண்டில் தம் பணியைத் தொடங்கினார் என்பது பலரும் அறிந்த வரலாறு. அந்த மூன்று பெண்களுக்கும் வேண்டியிருந்தது சீமை டாக்டர் மட்டுமல்லர். பயிற்சி பெற்ற ஒரு பெண்ணின் கை வீட்டருகே இல்லாமற் போனதே பெருங்குறை.

அந்தக் குறையை ஒரு தேசம் எப்படித் தீர்த்தது என்பதைக் காண நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தோணிகள் தலைமுறை தலைமுறையாகச் சரக்கு ஏற்றிச் சென்ற கொழும்புத் துறைக்குப் போனால் போதும். அங்கே டி சொய்சா பிரசவ ஆஸ்பத்திரி 1879-ம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஆயினும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும், 1930-களில், லட்சம் பிரசவத்துக்கு 2,000-க்கு மேற்பட்ட தாய்மார் இறந்துகொண்டுதான் இருந்தனர். ஆஸ்பத்திரிக் கட்டடம் ஒன்றினால் மட்டும் சாவு குறையவில்லை என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமோ? 1926-ம் ஆண்டில் களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் சம்பளம் பெறும் ஒரு மருத்துவ மாதுவை நியமித்தார்கள். கர்ப்பிணி எங்கே இருக்கிறாள் என்று அவளே வீடு வீடாகச் சென்று பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். வீட்டிலேயே சுத்தமாகப் பிரசவம் பார்க்க வேண்டும். தன்னால் ஆகாதது என்று கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். இந்த ஏற்பாடு மெல்ல மெல்லத் தீவு முழுவதும் பரவியது. 1950-களின் தொடக்கத்தில் சாவு 500 அளவுக்கு இறங்கிவிட்டது. ஏறக்குறைய இருபது ஆண்டில், நாலில் மூன்று பங்கு குறைந்தது!

மலேரியா ஒழிப்பும், பெண்கல்வியும், சாலைகளும் இதில் பங்கு கொண்டவையே. எனினும் செல்வத்தில் நம்மைவிட வெகுவாக மிஞ்சாத ஒரு நாடு இதைச் செய்ததற்கு முதுகெலும்பாக இருந்தவள் அந்த மருத்துவ மாதுதான் என்று ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். பின்னர் அங்கும் பிரசவங்கள் ஆஸ்பத்திரிக்கு மாறின. ஆனால் மருத்துவ மாது மறையவில்லை. இன்றும் கர்ப்பிணியின் வீட்டுக்கு அவள் வருகிறாள்.

நாமும் அவ்வழியில் தொடங்கியவர்களே. போர் குழுவின் 1946-ம் ஆண்டு அறிக்கைக்குப் பின், 1950-களில் துணைச் செவிலியர், மருத்துவச்சி என்ற இரண்டு பெயரையும் சேர்த்துக்கொண்ட ஓர் ஊழியர் பதவி ஏற்பட்டது. இரண்டாண்டுப் பயிற்சி, அதில் பிரசவம் பார்ப்பதே முக்கியம். 1973-ம் ஆண்டில் கர்த்தார் சிங் குழு இவர்களைப் பல்நோக்கு ஊழியர்களாக்கச் சிபாரிசு செய்தது. அதன்பின் பயிற்சிக் காலம் குறைந்தது. குடும்பக் கட்டுப்பாட்டு இலக்கும் தடுப்பூசிக் கணக்கும் தலையில் ஏறின. பெயரில் மருத்துவச்சி இருந்தாள், வேலையில் இல்லை. பழைய மருத்துவச்சியை வேண்டாம் என்றோம். புதியவளைக் குமாஸ்தா ஆக்கினோம். மிச்சமிருந்த ஒரே இடம் ஆஸ்பத்திரி.

ஆஸ்பத்திரியால் விளைந்த நன்மையை எவரும் மறுக்க இயலாது. 1992-93-ம் ஆண்டுத் தேசியக் குடும்பநல ஆய்வின்போது தமிழ்நாட்டில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பிரசவங்களே மருத்துவ நிலையங்களில் நடந்தன. 2019-21-ம் ஆண்டு ஆய்வில் அது நூற்றுக்கு 99.6 ஆயிற்று. 2018-20-ல் லட்சம் பிரசவத்துக்குத் தாய்ச் சாவு இந்தியாவில் 97, தமிழ்நாட்டில் 54. பச்சிளஞ் சிசுக்களைக் கொன்ற இசிவு நோய் 2015-ம் ஆண்டில் இந்தியாவில் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. தூத்துக்குடியில் 2000-ம் ஆண்டில் அரசு மருத்துவக் கல்லூரி ஏற்பட்டபின், நெருக்கடியான பிரசவத்துக்குப் பாளையங்கோட்டைக்கு ஓடவேண்டிய அவலம் பெரிதும் நீங்கியது.

ஆனால் அதே 2019-21 ஆய்வில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் 44.9 கத்தியால் நடந்தவை. அரசு ஆஸ்பத்திரிகளில் 36. தனியார் ஆஸ்பத்திரிகளில் 63.8. அதற்கு ஐந்தாண்டுக்கு முந்திய ஆய்வில் மொத்தம் 34.1 ஆகவே இருந்தது. நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை போதும் என்பது உலக சுகாதார நிறுவனம் 1985-ம் ஆண்டிலேயே தெரிவித்த கருத்து. ஐந்தாண்டில் நம் பெண்களின் இடுப்பெலும்பு குறுகிவிடவில்லை. குறுகியது பொறுமையே. ஒரு பிரசவத்தின் அருகே பத்துப் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க டாக்டருக்கு நேரமில்லை. அதற்கென்று பயின்ற மருத்துவச்சியோ அங்கே இல்லை. குறுக்கே கிடக்கும் பிள்ளைக்கும், நஞ்சுக்கொடி வழியை அடைத்துக் கிடக்கும் தாய்க்கும், சிசுவின் இருதயத் துடிப்புத் தளர்ந்த வேளைக்கும் கத்தி உயிர் கொடுக்கும் தெய்வம். அதைத் தேவையில்லாத இடத்தில் அழைப்பதைப் பற்றியே பேசுகிறேன்.

இந்தக் கசப்பிலிருந்துதான் இரண்டாவது கட்சி பிறந்தது. 'இயற்கைப் பிரசவம்' என்ற சொல்லை உலகில் பரப்பியவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்னும் ஆங்கில டாக்டர். அவருடைய முதல் நூல் 1933-ம் ஆண்டில் வெளிவந்தது. பயம் உடலை இறுக்குகிறது, இறுக்கம் நோவைப் பெருக்குகிறது என்பது அவர் கொள்கை. அதற்கு அவர் கண்ட பரிகாரம், கர்ப்பிணிக்கு முன்கூட்டியே விளங்கச் சொல்வதும், நோவின்போது அவளைத் தனியே விடாதிருப்பதுமாகும். அவர் எங்கும் ஆள் வேண்டாம் என்று சொல்லவில்லை. நம் நாட்டு இயற்கைவாதிகள் சிலர் பெயரை எடுத்துக்கொண்டு ஆளை விட்டுவிட்டார்கள். 2018-ம் ஆண்டு ஜூலையில் திருப்பூரில், யூடியூப் படங்களைப் பார்த்து வீட்டிலேயே பிள்ளை பெற முயன்ற ஒரு பெண், குழந்தை பிறந்தபின் உதிரப்போக்கால் இறந்தார். உடனிருந்தவர்களுக்கு அன்பு இருந்தது; பயிற்சி இல்லை.

பிள்ளை வெளியே வந்ததும் ஆபத்து நீங்கிவிட்டது என்பது நம் மக்களின் பெரிய மயக்கம். உண்மையில் தாய்க்குக் கண்டம் அப்போதுதான் தொடங்குகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கு மேல் இரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி கழன்றவுடன் கருப்பை கல்லைப்போல் இறுகி, திறந்த குழாய்களை அடைக்க வேண்டும். இறுகாவிட்டால் நல்ல உடம்புக்காரியும் இரண்டு மணி நேரத்துக்குள் இறந்துபோகக்கூடும். பிள்ளை பிறந்த கையோடு போடப்படும் ஆக்ஸிடோஸின் ஊசியும், அடிவயிற்றில் கை வைத்து இறுகியதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதும், கொடியைப் பிடித்து இழுக்காதிருப்பதுமே காப்பு. பார்ப்பதற்கு அற்பமான வேலை. இதைப் படத்தில் பார்த்துக் கற்க இயலாது. கை கற்க வேண்டும்.

முத்துக்குளித்துறையார்க்கு இதை விளக்குவது எளிது. நம் கடலில் 1961-ம் ஆண்டோடு முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும் அதன் முறை மறக்கவில்லை. கல்லைப் பற்றிக்கொண்டு அடியில் இறங்கிச் சிப்பி அள்ளுபவன் ஒருவன். தோணியில் நின்று கயிற்றைப் பிடித்திருப்பவன் ஒருவன். கயிற்றை மைத்துனன் கையில்தான் கொடுப்பார்கள் என்பது பழைய பேச்சு. தன் தங்கையின் தாலி அல்லவா அந்தக் கயிற்றில் தொங்குகிறது! கயிறு பிடிப்பவன் முத்தெடுப்பதில்லை, நடுவே இழுத்துத் தொல்லை கொடுப்பதுமில்லை. ஆனால் சைகை வந்த மறுகணம் இழுக்காவிட்டால் மூழ்கியவன் வரமாட்டான். மருத்துவச்சியின் தொழிலும் அதுவே. மூழ்குகிறவனைச் சும்மா சும்மா இழுப்பவர் முதற் கட்சியார். கயிறே வேண்டாம் என்பவர் இரண்டாங் கட்சியார்.

அவளைத் திரும்ப அழைக்கும் முயற்சி நம் நாட்டில் தொடங்கியிருக்கிறது. தெலுங்கானா அரசு 2017-ம் ஆண்டில் கரீம்நகரில் செவிலியர்களைத் தேர்ந்தெடுத்து, ஐதராபாத் பெர்னாண்டஸ் ஆஸ்பத்திரியின் துணையோடு ஒன்றரையாண்டு மருத்துவச்சிப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. 2018 டிசம்பரில் மத்திய அரசு, இத்தகைய செவிலியர்கள் தாமே பொறுப்பேற்று நடத்தும் பிரசவப் பகுதிகளை அரசு ஆஸ்பத்திரிகளில் அமைக்க நெறிமுறை வெளியிட்டது. டாக்டரும் அறுவை அறையும் கூப்பிடு தூரத்தில்; சாதாரணப் பிரசவம் முழுவதும் மருத்துவச்சியின் கையில். இதுவே சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. நம் மாவட்டத்துக்கும் இது வேண்டும் என்று சங்கங்கள் பொதுச்சபையில் தீர்மானம் நிறைவேற்றிச் சர்க்காருக்கு அனுப்புவதில் தடை ஒன்றுமில்லை.

அதுவரை அங்கத்தினர் வீடுகளில் செய்யக்கூடியவை சில உண்டு. கர்ப்பம் தெரிந்தவுடன் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் பெறவேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் 1987-ம் ஆண்டு முதல் நடந்துவரும் மகப்பேறு உதவித் திட்டத்தில், பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக ரூ. 18,000 அளவுக்குக் கிடைப்பது இப்பதிவைக் கொண்டுதான். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவ அறையில் பெண் துணை ஒருவர் உடனிருக்கத் தமிழ்நாட்டில் 2004-ம் ஆண்டிலிருந்தே இடமுண்டு. பலர் இதைக் கேட்பதேயில்லை. தாயையோ, அக்காளையோ, பிள்ளை பெற்றுத் தேறிய அத்தையையோ அனுப்ப வேண்டும். அழுகிறவர்களை வெளியே நிறுத்திவிடலாம். தனியார் ஆஸ்பத்திரிக்குப் போவோர், எட்டாம் மாதத்திலேயே அங்கு நூற்றுக்கு எத்தனை பேருக்குக் கத்தி வைக்கிறார்கள், நோவின்போது நடக்க விடுவார்களா, இரவில் பிரசவம் பார்ப்பவர் யார் என்று கேட்டறிய வேண்டும். நூல் வாங்கும்போது சிட்டத்தைப் பிரித்து நம்பர் பார்க்கிறோம். இதைக் கேட்க மட்டும் கூச்சம் ஏன்? தலைப்பிரசவத்தில் இந்த விசாரணை மிக அவசியம். பின்வரும் பிரசவங்களின் போக்கைப் பெரும்பாலும் அதுவே தீர்மானிக்கிறது.

சங்கத்தின் வேலை வேறு. தேரிக்காட்டு ஊர்களிலும் கடலோரக் கடைசி ஊர்களிலும் நள்ளிரவில் 108 வண்டி வந்து சேரும்வரை காத்திராமல் புறப்பட ஒரு வாகனம் உறுதியாக இருக்க வேண்டும். ஊரில் கார் வைத்திருக்கும் அங்கத்தினர் இருவரிடம் முன்னதாகவே பேசி, அவர்கள் பெயரையும் தொலைபேசி எண்ணையும் சங்க அலுவலகப் பலகையில் எழுதி வைக்கலாம். வாடகையைப் பொதுநல நிதியிலிருந்து கொடுக்கத் துணைவிதிகள் இடங்கொடுக்கின்றனவா என்று நிர்வாகக் குழு பார்க்கட்டும். இல்லையெனில் திருத்தம் கொண்டுவரும் முறையை எந்தக் கூட்டுறவு ஆய்வாளரும் சொல்வார். கிராம சுகாதார செவிலியரை ஆண்டுக்கு ஒருமுறை சங்கத்துக்கு அழைத்து, அங்கத்தினரின் மனைவியர்க்கும் மருமக்களுக்கும் அரை மணி நேரம் பேசச் செய்யலாம். அந்தக் கூட்டத்தில் ஆண்களும் இருப்பது நலம். நகையை அடகு வைக்க வருவது அவர்கள்தாமே.